உள்ளங்கால் குழி ஆழமாக இருப்பவர்களுக்கு ஒரு பாடம்

ஒளு செய்து முடித்து, ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நாலு எட்டு வைத்தபின் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பெரும்பாலோருடைய தடத்தில் குதிகாலும் முன்பாதமும் வெளி ஓரத்தில் ஒரு அகலமான பட்டையால் சேர்ந்திருக்கும். தட்டைப் பாதம் உள்ளவரின் தடம் செங்கல் அச்சு மாதிரி முழுசாகப் பதியும். சிலருடைய தடத்திலோ குதிகால் தனியாக ஒரு வட்டம், முன்பாதம் தனியாக ஒரு திட்டு, நடுவில் விரல் கனத்துக்கு ஒரு கோடு மட்டும் இருக்கும். அந்தக் கோடும் இல்லாதவர்கள் உண்டு. இந்த மூன்றாவது வகையினருக்குத்தான் இம்மாதப் பாடம்.

தட்டைப் பாதம் என்றால் நம் மக்களுக்குத் தெரியும். போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் எடுக்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அதனால் குழி ஆழமாக இருந்தால் நல்ல கால் என்று நினைத்துக்கொள்கிறோம். பெண்பிள்ளைக்கு அப்படி இருந்தால் அழகு என்றும் சொல்வார்கள். வலியில்லாதவரை அது வெறும் அமைப்புதான். அதற்காக எந்த வைத்தியமும் வேண்டாம். ஆனால் தினமும் சாயங்காலம் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவருக்கு அந்த அழகுதான் வலியின் காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தைலம் தேய்ப்பார்கள், வலி மாத்திரை போடுவார்கள். மாசக் கணக்கில் அப்படியே ஓடும்.

சுமை எங்கே விழுகிறது

நாலு பேர் தூக்க வேண்டிய பீரோவை இரண்டு பேர் தூக்கினால் என்ன ஆகும்? ஆழக்குழிப் பாதத்தில் நடப்பது அதுதான். உடம்பின் பாரம் பாதம் முழுதும் பரவாமல் குதிகாலிலும் முன்பாதத்தின் சில எலும்பு முனைகளிலும் மட்டும் இறங்குகிறது. பெருவிரலுக்குக் கீழேயும் சுண்டுவிரலுக்குக் கீழேயும் தோல் தடித்துக் காய்ப்பு ஏறுவது இதனால்தான். காய்ப்பை பிளேடால் சீவினால் பத்து நாளில் திரும்ப வரும், ஏனென்றால் பாரம் அதே இடத்தில்தான் விழுந்துகொண்டிருக்கிறது. (பிளேடு எடுக்கவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கண்டிப்பாகத் தொடக்கூடாது.)

இன்னொன்றும் உண்டு. சாதாரணப் பாதம் தரையில் ஊன்றும்போது வளைவு கொஞ்சம் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆழக்குழிப் பாதம் பெரும்பாலும் விறைப்பானது, அப்படித் தாழாது. அதிர்ச்சி கணுக்கால், முழங்கால் என்று மேலே ஏறுகிறது. குதிகாலும் உட்பக்கம் சாய்ந்திருப்பதால் பாதத்தின் வெளி ஓரத்தில் நடப்பார்கள். மேடுபள்ளத்தில் கால் வெளிப்பக்கம் மடிந்து சுளுக்கிக்கொள்வது இவர்களுக்கு அடிக்கடி நடக்கும். கழற்றி வைத்த செருப்பைப் புரட்டிப் பாருங்கள், வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும்.

கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அவரை நேராக நிற்கச் சொல்லி முன்னாலிருந்து பாருங்கள். சாதாரணமாக முன்னாலிருந்து பார்த்தால் குதிகாலின் சதை தெரியாது. ஆழக்குழிப் பாதத்தில் கணுக்காலுக்குக் கீழே உட்பக்கமாக அது எட்டிப் பார்க்கும்.

வெறுங்காலும் நம் ஊரும்

வெறுங்காலில் நடப்பது பாதத்துக்குக் கேடு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் கால்தடங்களை எடுத்துப் பார்த்து 1992-இல் வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். ஓடி விளையாடும் வெறுங்கால் பாதத்தின் வளைவை நன்றாகவே வளர்க்கிறது. ஆகவே வலியில்லாத பிள்ளைக்கு “வளைவு நிற்கும்” என்று கடைக்காரர் சொல்லி விற்கும் விலையுயர்ந்த ஷூ தேவையில்லை.

வளைவு ஏற்கெனவே அளவுக்கு மேல் இருந்து வலியும் வந்துவிட்ட பெரியவர்களின் கதை வேறு. அவர்களுக்குக் கடினத் தரை பகையாகிறது. காஞ்சிபுரத்தில் நம் நாளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் மொசைக்கோ கிரானைட்டோ, அதன்மேல் தாய்மார்கள் அடுப்படியில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். பட்டுக்கடையில் வேலை செய்பவர் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பொழுது முழுக்க உள்ளே நிற்கிறார். பிள்ளையார்பாளையம் பக்கம் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் உடம்பின் பாரத்தைக் காலில் தாங்குவதில்லை, ஆனால் மிதிகட்டையை முன்பாதத்தால் நாள் முழுக்க மிதிக்கிறார். பள்ளிவாசலில் ஐந்து வக்தும் வெறுங்கால். நம்மில் பலர் செருப்புப் போட்டு நடப்பது ஒரு நாளில் இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம்.

இன்சோல் பற்றிய வெளிநாட்டு அறிவுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் விஷயம் இது. அங்கே காலையில் ஷூ போட்டால் ராத்திரிதான் கழற்றுவார்கள். அந்த ஷூவுக்குள் வைத்த மெத்தை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும். நாம் அதே மெத்தையை வாங்கி வெளியே போகும் ஷூவில் வைத்துவிட்டு, வீட்டில் கல் தரையில் வெறுங்காலோடு நின்றால் வலி எப்படிக் குறையும்? முதல் மெத்தை வீட்டுக்குள் போடும் செருப்பில் இருக்க வேண்டும். வெளியே போகும் ஜோடிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலூர் கற்றுக்கொடுத்தது

பாதத்தின் பாரத்தைப் பரப்பிவிடும் செருப்பைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர்களில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் ஆறாமல் புண் வருவதற்கு, அந்த நோயில் சதை தானாக அழுகுவதுதான் காரணம் என்று அப்போது நம்பப்பட்டது. அவர் அப்படி இல்லை என்று காட்டினார். உணர்ச்சி போன பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது. அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் சதை ஆறும். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் நிலையத்திலும் நுண்துளை ரப்பரால் ஆன மெத்தைச் செருப்பு இந்தப் புரிதலில்தான் பழக்கத்துக்கு வந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுப்பது அதுவே. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இதைத் தொழுநோயாளிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள்.

“அது பெரிய வியாதிக்காரர் செருப்பு” என்று சொல்லித் தள்ளிவைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். ஆழக்குழிப் பாதத்துக்கும் தேவை அதே வேலைதான்.

நல்ல எம்.சி.ஆர். தகட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது வெறும் ரப்பர். முழுக்க ஒட்டிப்போனால் பஞ்சு, பாரத்தைத் தாங்காது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. ரப்பர் தகடு, ஈ.வி.ஏ. தகடு பற்றி அவர்களிடம் கேட்டால் கடைக்காரரைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

மெத்தை எப்படி இருக்க வேண்டும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான்.

மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் “ஆர்ச் சப்போர்ட்” பெரும்பாலும் தட்டைப் பாதத்தை மனதில் வைத்துச் செய்தது. உட்பக்கம் கடினமாக ஒரு மேடு இருக்கும், தாழ்ந்த வளைவை மேலே தூக்க. ஆழக்குழிப் பாதத்தின் வளைவு ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. அதை இன்னும் உட்பக்கத்திலிருந்து தள்ளினால் பாதம் வெளிப்பக்கம் சாயும், சுளுக்கு அதிகமாகும். வளைவு பெரியது, அதனால் பெரிய மேடு வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தரை எழும்பி வந்து பாதத்தை முழுக்கத் தொட்டால் போதும், தூக்க வேண்டியதில்லை. குழியை நிரப்பும் மெத்தைக்கும் குழியை முட்டும் மெத்தைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆகவே பாதத்தின் வடிவத்துக்கே அச்செடுத்துச் செய்த மெத்தை சிறந்தது. மேலே மிருதுவான அடுக்கு, கீழே வடிவம் கலையாத கெட்டியான அடுக்கு. குதிகாலுக்குக் குழிவான, ஆழமான இடம். பெருவிரலின் அடி எலும்பு மற்றவற்றைவிடக் கீழே இறங்கியிருப்பவர்களுக்கு அந்த இடத்தில் சின்னப் பள்ளம் விட்டு, முன்பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் உயரம் வைப்பார்கள். அப்போது குதிகால் தானாக நேராகிறது. எல்லாருக்கும் நேராகாது. அதைச் சோதிக்க டாக்டர் ஓர் அங்குலக் கனமுள்ள பலகையின் மேல் குதிகாலையும் வெளி ஓரத்தையும் வைத்து, பெருவிரல் பக்கம் பலகைக்கு வெளியே தொங்கும்படி நிற்கச் சொல்வார். குதிகால் நிமிர்ந்தால் மெத்தை அதைத் திருத்த உதவும். நிமிராவிட்டால் மெத்தை பாரத்தைப் பரப்ப மட்டுமே உதவும், அதுவும் பெரிய உதவிதான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால் உண்டு. ஆஸ்திரேலியாவில் பர்ன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் ஆழக்குழிப் பாதத்தில் வலி உள்ள 154 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அச்செடுத்துச் செய்த மெத்தையும் மறு பிரிவுக்கு வெறும் மெல்லிய தட்டை மெத்தையும் கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. அச்செடுத்த மெத்தை போட்டவர்களுக்கு வலி தெளிவாக அதிகம் குறைந்தது. தட்டை மெத்தை போட்டவர்களுக்கும் ஓரளவு குறைந்ததைக் கவனிக்க வேண்டும். அச்செடுக்க வசதியில்லாதவர் முதலில் நல்ல எம்.சி.ஆர். தகடு போட்ட வீட்டுச் செருப்பில் தொடங்கலாம் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு வாரத்தில் பலன் தெரியவில்லையென்றால் அச்செடுக்கப் போகலாம்.

அச்செடுத்துச் செய்பவர்கள் துணைக்கருவி நிபுணர்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும், முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலும் அந்தப் பிரிவு உண்டு. வேலூரும் நமக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். முதலில் நம் ஊர் அரசு தலைமை மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

மெத்தை வைக்கும் ஷூவுக்கும் இடம் வேண்டும். உள்ளே இருக்கும் பழைய இன்சோலைக் கழற்றிவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் புறங்கால் அழுந்தும். ஆழக்குழிப் பாதத்தின் புறங்கால் ஏற்கெனவே மேடாக இருக்கும். அதனால் லேஸ் உள்ளது, அல்லது பட்டையைத் தளர்த்தி இறுக்கக்கூடியது நல்லது. செருப்பென்றால் குதிகாலுக்குப் பின்னால் வார் இருக்கட்டும். ஹை ஹீல்ஸ் முன்பாதத்தின் பாரத்தை இன்னும் கூட்டும்.

புது மெத்தையை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். கழற்றியபின் தோலில் சிவந்த அடையாளம் அரை மணி நேரத்துக்கு மேல் மறையாமல் இருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். மெத்தையோடு சேர்த்து ஆடுசதையை நீட்டும் பயிற்சியும் வேண்டும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய்ந்து, முப்பது எண்ணும்வரை இருங்கள். காலையில் மூன்று தடவை, ராத்திரி மூன்று தடவை.

தொழுகையிலும் பயணத்திலும்

தொழுகையில் நிற்கும் நேரம் குறைவு, அதில் பெரும்பாலோருக்குச் சிரமமில்லை. சிரமம் ஸஜ்தாவிலும் இருப்பிலும் வரும். விரல்கள் கொக்கி போல் மடங்கியிருப்பவர்களுக்கு அவற்றை கிப்லாவை நோக்கி மடித்து ஊன்றுவது வலிக்கும். முடியாதவருக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பது எல்லாருக்கும் தெரியும், எதுவரை என்பதை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வலியோடு மடிக்க வேண்டாம். ரமலானில் தராவீஹ் நீளும்போது விரிப்புக்குக் கீழே கனமான ஒரு பாய் போட்டாலே பலருக்கு இதமாக இருக்கும். இதைப் பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் யோசிக்கலாம்.

உம்ரா, ஹஜ் போகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே பாதத்தைக் கவனிக்க வேண்டும். ஸஃபா மர்வாவுக்கு இடையே ஏழு நடை மட்டும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர், பளிங்குத் தரையில். இஹ்ராமில் ஆண்களுக்குக் கணுக்காலை மூடாத செருப்புக்குத் தடையில்லை. அந்தச் செருப்பிலேயே மெத்தையை ஒட்டிக்கொள்ளலாம். அங்கே போய்ப் புதுச் செருப்பு வாங்காமல், வீட்டில் ஒரு மாதம் போட்டுப் பழகியதையே எடுத்துப் போங்கள்.

மெத்தையால் தீராதவை

ஆழக்குழிப் பாதம் பலருக்குப் பிறவி அமைப்பு. அத்தாவுக்கு இருந்தது, மகனுக்கும் இருக்கிறது, இருவரும் நன்றாக நடக்கிறார்கள் என்றால் பயமில்லை. ஆனால் சில நேரம் பாதம் குழிவது நரம்பில் இருக்கும் ஒரு கோளாறின் முதல் அடையாளம். சின்ன வயதில் போலியோ வந்துபோன பெரியவர்களிடம் இதைப் பார்க்கலாம். முதுகுத் தண்டின் பிறவிக் கோளாறிலும் வரும். சார்க்கோ–மரி–டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் இன்னொன்று. 1886-இல் அதை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அதில் பாதத்தின் சிறு தசைகள் மெல்ல மெல்ல இளைக்கின்றன, விரல்கள் மடங்குகின்றன, பாதம் குழிந்துகொண்டே போகிறது. அதில் சில வகைகள் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாக வர வாய்ப்புண்டு. தமிழ்நாட்டில் எல்லாச் சமூகத்திலும் அந்த வழக்கம் இருப்பதால் இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பிள்ளைகளிடம் இது எப்படித் தெரியும்? ஓடும்போது அடிக்கடி தடுக்கி விழுவான். மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டான். பாதத்தைக் கொஞ்சம் உயர்த்தி உயர்த்தி வைத்து நடப்பான். ஆடுசதை குச்சியாக இருக்கும். சட்டைப் பட்டன் போடவும் பேனா பிடிக்கவும் தடுமாறலாம். நாம் என்ன சொல்கிறோம்? “கண்ணு எங்கே இருக்கு, பார்த்து நட” என்று திட்டுகிறோம். மதரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் அதே வார்த்தைதான். அந்தப் பிள்ளைக்குத் தன் கால் ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று தெரியாது. இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்சோல் வாங்க வேண்டாம், முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் நரம்பு கடத்தல் பரிசோதனை செய்வார்கள். இந்த நரம்பு நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் சீக்கிரம் தெரிந்தால் சரியான மெத்தை, கணுக்கால் பட்டை, பயிற்சி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று அந்தப் பிள்ளையைப் பல வருஷம் சொந்தக் காலில் நடக்க வைக்க முடியும்.

பெரியவர்களானாலும் சரி, ஒரு கால் மட்டும் குழிந்திருந்தால், அல்லது முன்பு இல்லாத குழி புதிதாக ஆழமாகிக்கொண்டு வந்தால், அல்லது காலில் மதமதப்பும் சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றமும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சொல். வலி தெரிந்தால் பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும். உணர்ச்சி குறைந்துபோன ஆழக்குழிப் பாதத்தில் காய்ப்புக்கு அடியில் புண் உருவாவது அவருக்குத் தெரியாது. தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்பு போடும்முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். மெத்தை எந்த இடத்தில் நசுங்கி எழும்பாமல் இருக்கிறதோ அங்கேதான் அடுத்த புண் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதை மாற்றுங்கள்.

டாக்டரிடம் போகும்போது தினமும் போட்டுத் தேய்ந்த பழைய செருப்பையும் ஷூவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அழுக்காக இருக்கிறதே என்று கழுவிக்கூட வைக்க வேண்டாம். பாரம் எங்கே விழுகிறது என்பது அந்தத் தேய்மானத்தில் எழுதியிருக்கும். வீட்டில் வேறு யாருக்கு இதே மாதிரி கால் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்றாக இருக்கும்.